பெயர் வரக் காரணமானவரை வெளியே அனுப்பிய மேடை: டிஃபோர்ட் பெய்லி, 1927–1941

1945-ல் ஜார்ஜ் டி. ஹே ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்து டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் சனிக்கிழமை இரவுதோறும் ஒலிபரப்பான 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியின் கதை அது. அந்த நிகழ்ச்சியைத் தொடங்கி வளர்த்தவரே ஹேதான். நூலில் டிஃபோர்ட் பெய்லி என்ற மவுத் ஆர்கன் கலைஞரைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. சுமார் 15 ஆண்டுகள் எங்கள் நிகழ்ச்சிக்கு ஒளி சேர்த்தவர் என்கிறார். ஊனமுற்ற, குட்டையான கறுப்பினப் 'பையன்' என்கிறார். பிறகு, அவர் சோம்பேறி என்கிறார். அவருக்குத் தெரிந்தது ஒரு டஜன் மெட்டுகள்தான், புதிதாகக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் முழுக்க அவகாசம் கொடுத்தும் அவர் கற்றுக்கொள்ளவில்லை என்று முடிக்கிறார். குழுவின் அதிர்ஷ்டப் பொம்மையைப் போல அவரை எல்லோரும் நேசித்தோம் என்றும் ஒரு வரி இருக்கிறது.

அந்தப் 'பையனுக்கு' அப்போது வயது 45.

1941 மே மாதக் கடைசியில் பெய்லி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புற இசையிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும் தருணங்கள் பல உண்டு. 1927 கோடையில் பிரிஸ்டல் நகரத்தில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்ததையும், 1968-ல் ஜானி கேஷ் ஃபோல்சம் சிறைக்குள் போய்ப் பாடியதையும் எல்லோரும் சொல்வார்கள். பெய்லி வெளியேற்றப்பட்டதை நான் அவற்றுக்குச் சமமான தருணமாக வைக்கிறேன். அந்த இசை யாருடையது என்ற கேள்விக்கு அன்று ஒரு பதில் எழுதப்பட்டது. அதைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஹே சொன்ன காரணம் நிற்குமா என்று ஆதாரங்களை வைத்துப் பார்ப்போம்.

பாலத்தின் அடியில் நின்ற சிறுவன்

பெய்லி 1899 டிசம்பர் 14 அன்று டென்னசியின் ஸ்மித் கவுண்டியில் பிறந்தார். தாத்தா லூயிஸ் பெய்லி அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஃபிடில் என்ற நாட்டுப்புற வயலின் வாசிப்பதில் அந்த வட்டாரத்தில் பேர்போனவர். தாய் சீக்கிரமே இறந்துவிட, அத்தை பார்பரா லூ எடுத்து வளர்த்தார். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. ஏறக்குறைய ஒரு வருடம் படுத்த படுக்கை. கையையும் தலையையும் மட்டுமே அசைக்க முடிந்த அந்தக் குழந்தையின் கையில் வீட்டார் ஒரு மவுத் ஆர்கனைக் கொடுத்தார்கள். வெளியே குரைக்கும் வேட்டை நாய், கோழி, தூரத்தில் போகும் ரயில் என்று காதில் விழுந்ததையெல்லாம் அதில் ஊதிப் பார்த்ததே அவருடைய முதல் பாடம். உயிர் பிழைத்தார். ஆனால் முதுகு சற்று வளைந்துவிட்டது, உயரமும் ஐந்தடியை எட்டவில்லை.

வீட்டில் எல்லோரும் வாசித்தார்கள். ஃபிடில், பேஞ்சோ, கிட்டார், மாண்டலின் எல்லாம் புழங்கிய வீடு. பெய்லி அந்த இசைக்கு வைத்த பெயர் 'கறுப்பர்களின் மலைநாட்டு இசை'. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தெற்கத்திய இசையை இரண்டு பட்டியலாகப் பிரித்து விற்றன. கறுப்பினத்தவர் வாங்குவதற்கு ஒரு வரிசை, வெள்ளையர் வாங்குவதற்கு 'மலைநாட்டு' வரிசை. ஒரே கிராமத்தில், பக்கத்துப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் ஒலித்த மெட்டுகள், கடை அலமாரிக்கு வரும்போது வேறு வேறு சாதியாகிவிட்டன. பெய்லியின் குடும்ப இசைக்கு அந்த அலமாரியில் இடமே கிடையாது.

பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு ரயில் பாலம் இருந்தது. அதன் அடியில் நின்று, கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மேலே ரயில் கடந்து போகும் வரை கேட்பாராம். பிறகு நாள் முழுக்க அதை மவுத் ஆர்கனில் தேடுவார். முதுமையில் டேவிட் மார்ட்டனிடம் அவரே சொன்ன விஷயம் இது. நாஷ்வில் வீட்டுவசதித் துறையில் வேலை பார்த்த மார்ட்டன் 1973-ல் பெய்லியைச் சந்தித்து, வருடக்கணக்காகப் பேசிப் பதிவு செய்தார். 1991-ல் சார்ல்ஸ் வுல்ஃபுடன் சேர்ந்து அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அந்த நட்பு இல்லாதிருந்தால் இந்த வழக்கில் ஹேயின் வாக்குமூலம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.

முதல் மகா யுத்தம் முடியும் சமயத்தில் பெய்லி நாஷ்வில் வந்து சேர்ந்தார். பணக்கார வீடுகளில் எடுபிடி, லிஃப்ட் இயக்குபவர் என்று கிடைத்த வேலை எல்லாம் செய்தார். நேஷனல் லைஃப் என்ற இன்ஷூரன்ஸ் நிறுவனம் 1925 அக்டோபரில் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தைத் தொடங்கியது. நவம்பர் கடைசியில் 77 வயது ஃபிடில் கலைஞர் அங்கிள் ஜிம்மி தாம்ப்சனை வைத்து ஹே தன் சனிக்கிழமைக் கச்சேரியை ஆரம்பித்தார். பெய்லியை அங்கே அழைத்துப் போனவர் டாக்டர் ஹம்ஃப்ரி பேட் என்ற வெள்ளையர். வைத்தியர், தானும் மவுத் ஆர்கன் வாசிப்பவர். ஹே தயங்கினார். என் பெயரைப் பணயம் வைக்கிறேன், ஒருமுறை வாசிக்க விடுங்கள் என்றார் பேட். வாசித்தார். அதன் பிறகு தயக்கம் இல்லை.

பெயர் வந்த கதை

1927 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. ஹே பின்னாளில் எழுதியபடி, அவருடைய நிகழ்ச்சிக்கு முன்னால் நியூயார்க்கிலிருந்து வால்டர் டாம்ரோஷ் நடத்திய சாஸ்திரிய இசை நிகழ்ச்சி ஒலிபரப்பாகும். செவ்விசையில் நிஜ உலகத்தின் சத்தங்களை அப்படியே காட்டுவதற்கு இடமில்லை. இருந்தாலும் இன்று விதிவிலக்காக, ரயில் பாய்ந்து வருவதைச் சித்திரிக்கும் ஒரு இளைஞரின் படைப்பைத் தருகிறோம் என்று சொல்லி டாம்ரோஷ் முடித்தார். எங்கள் நிகழ்ச்சியில் நிஜ உலகம் மட்டும்தான் இருக்கும் என்று ஹே தொடங்கி, பெய்லியைக் கூப்பிட்டார். பெய்லி 'பான் அமெரிக்கன் புளூஸ்' வாசித்தார். சின்சினாட்டிக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே, நாஷ்வில் வழியாக ஓடிய லூயிவில் அண்டு நாஷ்வில் கம்பெனியின் பயணிகள் ரயிலுக்குப் பான் அமெரிக்கன் என்று பெயர். வாசித்து முடிந்ததும் ஹே, ஒரு மணி நேரமாக 'கிராண்ட் ஆப்பரா' கேட்டோம், இனிமேல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்றார். ஆப்பரா என்பது மேற்கத்திய இசை நாடகம்; அந்தச் சொல்லை நாட்டுப்புற வாயில் சொன்னால் ஆப்ரி. இன்று வரை அந்தப் பெயர்தான்.

பேச்சு ஹேயுடையது. அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தது பெய்லியின் ரயில். ஓர் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் சேர்ந்து செய்ததை ஒரு மனிதர் பத்துத் துளை மவுத் ஆர்கனில் அதைவிட நன்றாகச் செய்துவிட்டார் என்பதுதான் ஹேயின் நகைச்சுவைக்குள் இருந்த வாதம்.

அந்த வாசிப்பைக் கேட்டால்தான் இது புரியும். மவுத் ஆர்கனில் காற்றை ஊதினால் ஒரு ஸ்வரம், உறிஞ்சினால் வேறொரு ஸ்வரம். பெரும்பாலானவர்கள் ஊதுவதை நம்பி வாசிப்பார்கள். புளூஸ் என்ற கறுப்பின இசை வழி வந்தவர்கள் உறிஞ்சுவதை நம்புவார்கள். உள்ளிழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் மாற்றி ஸ்வரத்தைக் கீழே வளைக்கலாம்; அழுகை, விசில், தூரத்துக் கூவல் எல்லாம் அந்த வளைவில்தான் பிறக்கும். பெய்லி மூச்சை உள்ளும் வெளியும் விட்டு வாங்கிச் சக்கரத்தின் தாளத்தை நடத்துகிறார். முதலில் மெதுவாக, நிலையத்தை விட்டு நகரும் வேகம். அது கூடிக்கொண்டே போகிறது. அந்தத் தாளம் ஒரு மாத்திரைகூடத் தடுக்காமல், குவித்த கைகளைத் திறந்தும் மூடியும் மேலே விசில் சத்தத்தை எழுப்புகிறார். ஒரே வாயில் இரண்டு வேலை. ரயில் கிட்டே வருவது, கடப்பது, விலகுவது மூன்றும் தனித்தனியாகக் கேட்கும். மெட்டு என்று தனியாக எடுத்துச் சொல்ல அதில் அதிகம் இல்லை, மூச்சுதான் இசை. இதைப் படித்தவர்களில் மவுத் ஆர்கன் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் முயன்று பார்க்கட்டும். மூச்சு முட்டும்.

1928-ல் ஆப்ரியின் 52 நிகழ்ச்சிகளில் 49-ல் பெய்லி வாசித்தார். அடுத்த நிலையில் இருந்தவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 'மவுத் ஆர்கன் மந்திரவாதி' என்று ஹே அவருக்குப் பட்டம் கொடுத்தார். வானொலிக்குத் தோல் நிறம் கிடையாது. வீட்டில் அமர்ந்து கேட்டவர்களில் பலருக்கு அவர் கறுப்பினத்தவர் என்பதே தெரியாது. நிலையத்தாரும் அதைச் சொல்லிக்கொள்ள அவசரப்படவில்லை.

ஹேயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் முன்பு மெம்ஃபிஸ் பத்திரிகை ஒன்றில் நீதிமன்ற நகைச்சுவைப் பத்தி எழுதியவர். வெள்ளை நீதிபதியும், கொச்சை பேசும் கறுப்பினக் குற்றவாளிகளும் உரையாடும் பத்தி அது. வானொலியில் அவர் வைத்துக்கொண்ட 'நீதிபதி' என்ற பட்டப்பெயர் அங்கிருந்து வந்தது. பெய்லியின் திறமையை அவர் உண்மையாகவே ரசித்தார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ரசிப்பது வேறு, சமமாக எண்ணுவது வேறு.

சாலையில்

1930-களில் ஆப்ரி கலைஞர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பெய்லிக்கு இரண்டு சுவர்கள் எழுந்தன. ஒன்று கூலி: கூட்டம் எவ்வளவு வந்தாலும் மாறாத தொகை. மற்றது படுக்க இடம். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தெற்கில், வெள்ளையர் ஓட்டலில் அவருக்கு அறை கிடையாது. ஊருக்குள் கறுப்பினத்தவர் வீடு தேடிப் போய்ப் படுத்துவிட்டு, காலையில் குழுவோடு சேர்ந்துகொள்வார். அங்கிள் டேவ் மேக்கன் என்ற பேஞ்சோ கலைஞர், இவர் என் பணியாள் என்று ஓட்டல்காரரிடம் சொல்லித் தன்னோடு உள்ளே அழைத்துப் போனதுண்டு. டெல்மோர் சகோதரர்கள் என்ற பாடகர் ஜோடியும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். மேக்கனின் மனசு நல்லதுதான். ஆனால் நட்சத்திரம் ஒருவர் இரவில் ஒரு கட்டிலுக்காக வேலைக்காரராக வேடம் போட வேண்டியிருந்தது.

1938-ல் ராய் ஏகஃப், 1939-ல் பில் மன்றோ ஆப்ரிக்கு வந்தார்கள். இருவரும் பின்னாளில் பெரும் பெயர்கள். ஆரம்பத்தில் அவர்களை யாருக்கும் தெரியாது. சுவரொட்டியில் பெய்லியின் பெயர் இருந்தால்தான் ஜனம் வரும் என்பதால், அவரைச் சேர்த்துக்கொண்டு சுற்றினார்கள். இதை ஏகஃபே பின்னாளில் ஒப்புக்கொண்டார். மன்றோ, பெய்லியிடமிருந்து கேட்ட 'ஈவ்னிங் பிரேயர் புளூஸ்' மெட்டை வயதான காலத்தில் மாண்டலினில் வாசித்துப் பதிவு செய்தார்.

இதே மேடையில் இன்னொன்றும் நடந்தது. 1932 முதல், முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் வெள்ளை நகைச்சுவை ஜோடிகள் ஆப்ரியில் இடம் பெற்றார்கள். 1941-க்குப் பிறகும் அவர்கள் தொடர்ந்தார்கள்.

ராயல்டிச் சண்டை

இனி அந்த நீக்கத்துக்கு வருவோம். இசையமைப்பாளர்களின் உரிமையைப் பாதுகாத்த பழைய சங்கம் அஸ்காப். வானொலியில் பாடல் ஒலித்தால் அதற்குக் கட்டணம். 1940-ல் அந்தக் கட்டணத்தை அது மிகவும் உயர்த்தப் பார்த்தது. வானொலி முதலாளிகள் இதை எதிர்பார்த்து 1939-லேயே பி.எம்.ஐ. என்ற போட்டி அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். பேச்சு முறிந்தது. 1941 ஜனவரி 1 முதல் பெரிய வானொலி வலைப்பின்னல்களில் அஸ்காப் பாடல் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. ஆப்ரியின் அரை மணி நேரம் 1939 முதல் என்.பி.சி. என்ற வலைப்பின்னல் வழியாக நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்ததால் தடை அங்கேயும் பாய்ந்தது. பெய்லியின் பெயர்போன மெட்டுகள் இந்த வலையில் சிக்கின. வாசிக்காதே என்றார்கள், புதிதாக ஏதாவது வாசி என்றார்கள். மக்கள் கேட்டு எழுதுவதே அந்தப் பழைய மெட்டுகளைத்தான் என்பது அவர் பக்கத்து நியாயம்.

ஹேக்கு நியாயமாக இரண்டு விஷயங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். தடை வரப்போவது முன்பே தெரியும், ஆகவே அவகாசம் கொடுத்தோம் என்பது நடக்கக்கூடியதே. 'ஒரு டஜன்' என்ற கணக்கும் காற்றிலிருந்து பிடித்ததல்ல. 1927, 1928 இரண்டு ஆண்டுகளில் பெய்லி கொலம்பியா, பிரன்ஸ்விக், விக்டர் நிறுவனங்களுக்கு 18 இசைத்தட்டுப் பக்கங்கள் (பக்கத்துக்கு ஒரு மெட்டு) பதிவு செய்தார், வெளிவந்தவை 11. வானொலியில் திரும்பத் திரும்ப ஒலித்தவையும் அவைதாம்.

ஆனால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பது வேறு. 1970-களில் மார்ட்டன் பதிவு செய்தபோது அதே மனிதர் மவுத் ஆர்கன், பேஞ்சோ, கிட்டார் மூன்றிலும் வாசித்தார், பாடவும் செய்தார். எல்லாம் சிறுவயதில் கேட்ட வீட்டு மெட்டுகள். புதிதாக வாசிக்கப் போனால், கேட்டவர்களும் நிலையத்தாரும் பழையதையே கேட்டார்கள் என்று பெய்லி சொன்னார். 15 ஆண்டுகள் ஒருவரை ரயில் மெட்டையும் நரி வேட்டை மெட்டையும் மட்டும் வாசிக்கச் சொல்லிவிட்டு, அவருக்கு அவை மட்டுமே தெரியும் என்று எழுதுவது நேர்மையல்ல.

அடுத்தது, தடையின் ஆயுள். 1941 அக்டோபர் இறுதியில் அஸ்காப்போடு வலைப்பின்னல்கள் சமரசம் செய்துகொண்டன. பெய்லி போய் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவரை நீக்கியதற்குச் சொன்ன காரணம் அன்றோடு மறைந்துவிட்டது. வேலை மட்டும் திரும்பி வரவில்லை. என்னைப் பொறுத்தவரை வழக்கு இங்கேயே பாதி முடிந்துவிட்டது.

காலம் மாறிவிட்டது, தனி வாத்தியத்துக்கு இனி மவுசில்லை, ஏகஃப் போன்ற பாடகர்களின் யுகம் வந்துவிட்டது என்று சிலர் விளக்குவார்கள். அதில் உண்மை உண்டு. அந்த விளக்கத்தைச் சோதிக்க ஒரு மனிதர் இருக்கிறார்: ஹெர்மன் குரூக். அதே ஆப்ரி, அதே மவுத் ஆர்கன், ஏறத்தாழ அதே வயது. 1926-ல் குரூக் சகோதரர்கள் குழுவோடு வந்தவர். அவர்கள் வாசித்ததும் பழைய நாட்டுப்புற நடன மெட்டுகள்தாம். பாடகர்களின் யுகம் வந்தது, மின்கிட்டார் வந்தது, தொலைக்காட்சி வந்தது. குரூக் 1988-ல் இறக்கும் வரை ஆப்ரியில் வாசித்தார். பழைய மெட்டுக்காரர்களுக்கு அந்த மேடை காலம் முழுக்க ஓர் ஓரம் ஒதுக்கி வைத்திருந்தது, அது நல்ல வழக்கமும்கூட. அந்த ஓரத்தில் பெய்லிக்கு மட்டும் இடமில்லை. குரூக் வெள்ளையர். இருவருக்கும் இடையே நான் தேடிப் பார்த்த மற்ற வேறுபாடுகள் எதுவும் 47 ஆண்டுகளை விளக்கப் போதவில்லை.

ராயல்டிச் சண்டை அவரை எப்போது நீக்குவது என்பதைத் தீர்மானித்தது. அவரைத் திரும்ப அழைக்க வேண்டாம் என்பதைத் தீர்மானித்தது வேறொன்று. நிலையத்தின் கணக்கில் அவர் கலைஞரல்ல, பொம்மை. ஹேயே அந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு

பெய்லிக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். வானொலிச் சம்பளம் ஒருநாள் நிற்கும் என்று அவர் முன்பே கணக்குப் போட்டிருந்தார் போலும். வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவது, இறைச்சி சுட்டு விற்பது, ஷூ பாலிஷ் கடை என்று பக்கத் தொழில்கள் வைத்திருந்தார். பாலிஷ் கடைதான் நிலைத்தது. முப்பது வருடம் அதில் குடும்பம் நடந்தது. மவுத் ஆர்கனை விடவில்லை, ஆனால் கூப்பிட்ட மேடைக்கெல்லாம் போகவில்லை. 1960-களில் நாட்டுப்புற இசைக்குப் பெரும் மறுமலர்ச்சி வந்து, மறந்துபோன பழைய கலைஞர்களை இளைஞர்கள் தேடித் தேடி மேடையேற்றினார்கள். பெய்லி பெரும்பாலும் மறுத்துவிட்டார். சினிமா வாய்ப்பையும் மறுத்தார். உரிய கூலி கொடுங்கள் என்பது அவர் கட்சி. ஒருமுறை மாறாத கூலிக்கு உழைத்து ஏமாந்தவர் அப்படித்தான் இருப்பார். இதைப் பிடிவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது கணக்குத் தெரிந்த மனிதரின் நிதானமாகத்தான் படுகிறது.

1974 பிப்ரவரியில் பழைய கலைஞர்களுக்கென்று நடந்த ஆப்ரி இரவில் மீண்டும் வாசித்தார். அதே ஆண்டு டிசம்பர் 14, அவருடைய 75-வது பிறந்த நாள், சனிக்கிழமையாக அமைந்தது. அன்றும் ஆப்ரி மேடையில் இருந்தார். 1982 ஜூலை 2 அன்று இறந்தார். அடுத்த ஆண்டு கல்லறைக் கல் வைத்தபோது ஏகஃபும் மன்றோவும் வந்திருந்தார்கள்.

ஆப்ரியில் அடுத்த கறுப்பின உறுப்பினர் சார்லி பிரைட். சேர்ந்த ஆண்டு 1993. பெய்லி வெளியேறி 52 ஆண்டுகள். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் பிரைட் 2000-ல் நுழைந்தார். பெய்லியை அங்கே சேர்த்தது 2005-ல், அவர் இறந்து 23 ஆண்டுகள் கழித்து.

பான் அமெரிக்கன் ரயில் 1971 ஏப்ரல் கடைசியோடு நின்றுவிட்டது. அது வரும் சத்தத்தைக் கேட்க வேண்டுமானால், 1927-ல் பிரன்ஸ்விக் பதிவு செய்த அந்தச் சிறிய இசைத்தட்டைத்தான் போட வேண்டும். மெதுவாகத் தொடங்கும், பாலம் நெருங்கும்போது விசில் வரும்.